முப்பத்தைந்தா, இருபத்தெட்டா

பாகாவ் கடைத்தெருவில்
ஃபூ கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
பச்சைத் துணிமேல் இரண்டையும் வைத்தார்.
ஒன்று முப்பத்தைந்து; கறுப்பு தேய்ந்து
விளிம்பில் பித்தளை தெரிந்தது.
மற்றது இருபத்தெட்டு; அதைவிடக் குள்ளம்,
விலை மட்டும் ஐந்நூறு வெள்ளி கூட.
"பாவா பாலேக் டூலு" என்றார்.
கொண்டுபோ, வியாழக்கிழமை சொல்.
முன்பணம் கேட்கவில்லை.
பள்ளிக்கூடக் குழுப்படத்தில்
என் தம்பி கண்மூடிப் போனதற்கு
இன்னும் வருந்துகிற மனிதர்.

நான் மில்லில் எடைமேடைக் கிராணி.
லோரி குலையோடு ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டு வரும், ஓர் எண்.
கழித்தால் மிஞ்சுவது செம்பனை.
பதினோரு வருஷமாய்க் கழிக்கிறேன்.
லென்ஸ் வாங்குவதும்
கழித்தல் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கேமராவின் நடுவே ஒரு சிறு கட்டம்.
அதற்குள் எல்லாம் இரண்டிரண்டு:
இரண்டு தண்ணீர்த் தொட்டி,
இரண்டு நாய்,
திருகத் திருக ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து
சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.
அதுவரை சுகம்.
கோடுகளில்தான் தகராறு.
எனக்கு மூக்குக்கண்ணாடி, மைனஸ் நாலு.
இருபத்தெட்டின் வெள்ளைக் கோடுகள்
பார்வை எட்டாத மூலையில் கிடக்கும்.
இடக்கோட்டைத் தேடினால்
வலக்கோடு ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசி லயத்து வாசலில்
ரஃபீக்குல் தன் ஊர்க்காரனுக்கு முடி வெட்டினான்.
இருபத்தெட்டு என்னைக்
கத்தரி வரைக்கும் இழுத்துப்போனது.
"டெக்காட் சங்காட்" என்று சிரித்தான்,
ரொம்பக் கிட்டே வந்துவிட்டேனாம்.
அவன் முழங்கை பக்கத்து வீடுவரை நீண்டது.
சற்றே நிமிர்த்தினேன்,
மில்லின் புகைபோக்கி மல்லாந்தது.
முப்பத்தைந்தை மாட்டினேன்.
அது பின்னால் போ, இன்னும் போ என்றது.
பின்னால் சாக்கடை.
ஒரு செருப்பை அங்கேயே விட்டேன்.

திங்கட்கிழமை எடைக்கூண்டில் மழை.
மீண்டும் இருபத்தெட்டு.
ஜன்னலுக்கு வெளியே
நீர் வழியும் லோரி, அதன்மேல் படுதா கட்டும் ஆள்.
ஒரே ஒரு தடவை அழுத்தினேன்.

வியாழக்கிழமை, ஃபூவின் பூதக்கண்ணாடிக்குள்
லோரி சரி, மழை சரி.
இடது ஓரத்தில்,
நான் பார்த்தே இராத இடத்தில்,
இழுபட்டு நீண்ட ஒரு கை.
கையில் பிசாங் கோரேங் பொட்டலம்.
நோர்லிசா.
என் பக்கத்து நாற்காலி.
நீட்டியிருக்கிறாள்.
வேண்டாம் என்றுகூட நான் சொல்லவில்லை.
அன்று மத்தியானம் அவள் ஏன்
வானொலியைச் சத்தமாக வைத்தாள் என்பது
மூன்று நாள் கழித்து
ஒரு நகத்தளவு படத்தில் எனக்குத் தெரிந்தது.

"இதுதான் படம்" என்றார் ஃபூ, கையைத் தொட்டு.
"லோரி இல்லை, இது.
இருபத்தெட்டையே எடுத்துக்கொள்."
அவர் சொன்னது உண்மை.
படம் அதுதான்.

முப்பத்தைந்துக்குப் பணம் கொடுத்தேன்.
காசு மிச்சம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.
காரணம் அதுவல்ல.
அதன் கோடுகள் உள்ளே தள்ளி நிற்கும்.
கோட்டுக்கு வெளியேயும்
கொஞ்சம் இடம் மீந்திருக்கும்,
அங்கே யார் வந்து நிற்கிறார்கள் என்பது
அழுத்துவதற்கு முன்பே தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே கால்.
மேடைமேல் ஏறிக்கொண்டிருந்த லோரியின்
இரண்டு முகப்பும் ஒன்றாகப் போகும் நேரம்,
கோட்டுக்கு வெளியே, இடப்பக்கம்,
எண்ணெய் ஊறிய காகிதம் ஒன்று
வரலாமா என்று தயங்கியது.

கேமராவை எடைச்சீட்டுக் கட்டின்மேல் கவிழ்த்தேன்.
பழம் நாக்கைச் சுட்டது.
நோர்லிசா எதுவும் கேட்கவில்லை,
வானொலியைக் கொஞ்சம் குறைத்தாள்.
லோரிக்காரன் ஹார்ன் அடித்தான்.
அடிக்கட்டும்.