இடது முட்டி

லண்டன்பேட்டை, செல்போன் கடைக்கு மேல்மாடி.
ஏசித் தண்ணீர் சொட்டுகிற மூலையில் என் நாற்காலி.
ஆளுக்குப் பதினேழு புள்ளி,
மூக்கில் ஆரம்பித்துக் கணுக்காலில் முடியும்.
கோலம் மாதிரியா என்று கேட்பவர்கள்மேல் எரிச்சல் வரும்.
கோலத்தில் புள்ளி வைப்பவளுக்கு
எங்கே வைக்கிறோம் என்று தெரியும்.

தெரிகிற மூட்டுக்கு இரண்டு.
மறைந்திருக்கிற மூட்டுக்கு ஒன்று.
ஊகிக்கவே முடியாததற்குச் சுழியம்.
சுழியம் கூடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

போன மாதம் வரை வெளிநாட்டுக்காரர்கள்.
ஓடினார்கள், பந்தடித்தார்கள்,
அரைக்கால் சட்டைக்குக் கீழே
முட்டிகள் பளிச்சென்று நின்றன.
ஒரே நாளில் நானூறு படம் முடித்திருக்கிறேன்.

இந்த மாதம் மாங்கூழ் ஆலை.
போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை,
தரையில் குந்திப் பெங்களூராவைப் பிரிக்கிற பெண்கள்.
புடவை ஒரே மேடு.
அதற்குள் எங்கோ இரண்டு முட்டி.

மாடல் முதலில் தன் ஊகத்தைக் காட்டும்:
முட்டி இருக்கக்கூடிய இடமெல்லாம் மஞ்சள்,
நம்பிக்கை ஏற ஏற
செந்தூராவின் தோள்போலச் சிவக்கும்.
அது படித்த லட்சம் படங்களிலும்
மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.
அதனால் இவர்களையும் நிற்கவைக்கிறது.
முட்டியைக் கூடைக்குள் வைக்கிறது.
கணுக்காலைப் பக்கத்துப் பெண்ணிடம் கடன் வாங்குகிறது.
உறுதி தொண்ணூற்றொரு சதவீதம் என்கிறது.
எங்கள் மேலாளர் சந்திரமௌலியும்
இப்படித்தான் பேசுவார்.

"எங்கடி இருக்கும் முட்டி?"
நஸ்ரீன் இயர்போனைக் கழற்றினாள்.
கதவைத் தாழிட்டுவிட்டு
மேசைகளுக்கு நடுவே குந்தினாள்.
இல்லாத மாங்காயை எடுத்தாள்,
இல்லாத காம்பைக் கிள்ளினாள்,
அழுகலென்று இடப்பக்கம் உருட்டினாள்.
முட்டி அக்குளுக்கடியில் போயிருந்தது.
காதுக்கும் அதற்கும் ஒரு சாண்.
ஸ்கேல் வைத்தும் அளந்தேன்.
"சீக்கிரம், கால் மரத்துப்போச்சு."
நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களில்
அந்த ஒரு சாணை வைத்தேன்.
கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி,
உயரமானவளுக்கு ஒரு விரல் கூட்டி.
எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டேன்: மறைந்துள்ளது.

மாடல் கற்றுக்கொண்டது.
குந்தியவர்களை இப்போது குந்தவிடுகிறது.
வெள்ளிக்கிழமை பாராட்டு வந்தது,
அதன் வாலில் ஆலைக்காரர் கேள்வி ஒன்றும்:
முட்டி மடங்கிய கோணம்
மூன்று நிமிடத்துக்கு மேல் விரிந்திருந்தால்
'வேலை செய்யவில்லை' என்று எண்ண முடியுமா?

முடியும் என்று
சந்திரமௌலி உடனே பதில் போட்டார்.

போச்சம்பள்ளியில் இந்நேரம்
யாரோ ஒருத்தி காலை நீட்டுகிறாள்.
உத்திரத்திலிருந்து ஒரு கேமரா
நஸ்ரீனின் முட்டியை
அவளிடம் தேடுகிறது.

நஸ்ரீன் சமோசா வாங்கக் கீழே போயிருக்கிறாள்.
படியிறங்கும்போது
இடது முட்டி லேசாகச் சொடுக்குகிறதாம்.