கோடு போட்ட பெட்டி

நாற்பத்தொன்றாம் எலிக்கு இரண்டு வீடு.
ஒன்றில் சுவரெல்லாம் கறுப்புக் கோடு,
வினிகர் வாடை, காலடியில் கம்பி வலை.
லீவரை அழுத்தினால் கழுத்துக் குழாய் வழியே
ஒரு சொட்டு ஹெராயின்.
மற்றதில் புள்ளிச் சுவர், ஏலக்காய் வாசம், வழவழத் தரை.
அங்கே எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுமில்லை.
பதினாறு நாளில் விட்டுவிட்டது.
'சாதுவாகிவிட்டது' என்று நோட்டில் எழுதினேன்.
மேடம் அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார்.

பதினேழாம் நாள் மறுபடி கோட்டுப் பெட்டி.
மருந்தை நிறுத்தியாயிற்று, குழாயில் வெறும் காற்று.
வினிகர் மூக்கில் பட்டதுதான்,
முன்னங்கால் இரண்டும் லீவரின்மேல்.
அறுபத்து மூன்று தடவை.
எண்ணுவதற்குக் கருவி இருக்கிறது.
நானும் எண்ணினேன்.

அனிந்திதா மேடம் திரையில் காட்டினார்.
கடல்குதிரைபோல் வளைந்த ஒரு துண்டு:
வந்த இடம் எது என்பதை அது விடாது.
நடுவே தாலமஸ், தபால் பிரிக்கிற மேசை.
அங்கிருந்து ஓர் இழை இறங்குகிறது,
'வேணும்' என்பது கிளம்புகிற இடத்துக்கு.
அந்த இழையை ஒளியால் அடைத்தால்
கோட்டுப் பெட்டியிலும் எலி
சும்மா உட்கார்ந்து மீசை துடைக்குமாம்.
தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்:
"ஓகளிபுரம் சப்வேயை அடைக்க முடியுமா மேடம்?"
டிராஃபிக்கைச் சொல்கிறேன் என்று சிரித்தார்.

மூன்று வருஷம் நாலு மாதம்.
ஸ்ரீராமபுரத்திலிருந்து ராஜாஜிநகர் சுற்றி
இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்கு வருகிறேன்.
ஏன் இந்தச் சுற்று என்று ரெஜினா கேட்டாள்.
உட்கார இடம் கிடைக்கும் என்றேன்.

வியாழக்கிழமை மழை.
மாகடி ரோட்டில் இடுப்பளவு தண்ணி,
பஸ் ஓகளிபுரம் வழியாம், கண்டக்டர் சொன்னான்.
இறங்கியிருக்கலாம்.
சப்வேக்கு இன்னும் நூறடி இருக்கும்போதே
ஈரச் சுண்ணாம்பு, மூத்திரம், துரு.
தலைக்குமேல் ரயில் போகிற நடுக்கம்.
வாயில் எச்சில் ஊறியது. வயிறு இளகியது.
கட்டைவிரல் முழங்கை மடிப்பைத் தேடிப் போயிற்று.
நான் அனுப்பவில்லை.

சப்வே தாண்டி மூன்றாவது கடை, நீல ஷட்டர்.
இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு:
அதுதான் கணக்கு.
உள்ளே இருந்த ஸ்டான்லியைப் புதைத்த அன்று
பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவன் நான்.
தெரிந்தும் தட்டினேன்.
எதிரே ஜெராக்ஸ் கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்:
"அண்ணா, அது ரெண்டு வருஷமா பூட்டியேதான் கெடக்கு."
தலையாட்டினேன்.
தலையாட்டிவிட்டுத் தட்டினேன்.
பையில் நூற்றெண்பது ரூபாய், மழை,
ஷட்டர் இரும்பில் என் விரல்முட்டி.
எண்ணுவதற்குக் கருவி ஒன்றும் இல்லை.
அவள் எண்ணியிருந்தால் அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பெட்டி கழுவுகிற நாள்.
கோட்டுப் பெட்டியில் வாடையை விட்டுவைக்கவேண்டும்,
சோதனை முடியும்வரை. அது உத்தரவு.
சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன்.
வாடை போயிற்று. கோடு போகவில்லை.
நாற்பத்தொன்று கூண்டில் தூங்கிக்கொண்டிருந்தது,
வால் மட்டும் வெளியே.

சாயங்காலம் கையை மூக்கருகே வைத்தால் வினிகர்.
இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
வீடு வரும்வரை
மோந்துகொண்டே போனேன்.