மீதி

டண்டினோங், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி.
பதினொரு பேர். அடுத்த தவணையிலிருந்து ஆசிரியர்கள்.
"பல்பண்பாட்டு வகுப்பறை, இரண்டாம் அமர்வு" என்று
கதவில் ஒட்டிய தாள்
ஹீட்டர் காற்றில் ஒரு மூலை கழன்று ஆடியது.

வணக்கம் சொல்லவில்லை.
நானூற்று முப்பத்தேழை ஆறால் வகுக்கத் தொடங்கினேன்,
முழுக்கத் தமிழில்.

நாலில் ஆறு போகாது.
நாற்பத்து மூன்றில் ஆறேழு நாற்பத்திரண்டு. மீதி ஒன்று.
ஏழை இறக்கு.

ஏழை இறக்கு என்றதும் எனக்கே சிரிப்பு வந்தது.
கூடச் சிரிக்க அறையில் ஆளில்லை.

நாலாம் நிமிடம் டெஸ்பினா பேனாவை மூடினாள்.
ஆறாம் நிமிடம் லாக்லன் தலையாட்டத் தொடங்கினான்.
"ஈவு எவ்வளவு?" என்று அவனிடம் கேட்டேன்.
இன்னும் பலமாக ஆட்டினான்.
அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும்.
வந்த புதிதில் வங்கியில், டாக்டரிடம், வீட்டுத் தரகரிடம்
நான் ஆட்டியது.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து ஆங்கிலத்துக்குத் திரும்பினேன்.
அறை மூச்சு விட்டது.
"நான் ஒன்றும் மக்கு இல்லை" என்றாள் டெஸ்பினா,
யாரும் சொல்லாமலே.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
கையேட்டில் அடுத்தது கலந்துரையாடல், பிறகு தேநீர்.

ஆனால் பைக்குள் ஒரு பக்கம் இருந்தது,
ஆறு வருடம் பழைய கொப்பியொன்றின் பிரதி.
மர்ஸியா, ஐந்தாம் வகுப்பு, ஹசாரா வீட்டுப் பிள்ளை.
அதே கணக்கு.
வகுக்கும் எண்ணை வலப்பக்கம் வைத்து
அதன் கோட்டுக்குக் கீழே ஈவை எழுதியிருந்தாள்.
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு,
தாள் கிழியாத குறை.

"எழுபத்திரண்டு, மீதி ஐந்து. சரிதானே?
யார் இதை வெட்டியது?"
லாக்லனுக்குக் கோபம் வந்துவிட்டது.

நான்தான் என்றேன்.

அடுத்த நாள் மர்ஸியா எல்லாக் கணக்கையும் அழித்து
என் பக்கமாக எழுதிக்கொண்டு வந்தாள்.
நட்சத்திரம் ஒட்டினேன்.
பெற்றோர் சந்திப்பில் அவள் தகப்பன்
வெட்டிய பக்கத்தைக் கனநேரம் பார்த்தார்.
பென்சில் கேட்டு வாங்கி,
அதன் கீழே இன்னொரு எண்ணை வகுத்து,
பெருக்கிச் சரிபார்த்து, கோடிட்டு,
என் பக்கம் தள்ளிவைத்தார்.
ஒரு சொல் பேசவில்லை.

வகுப்பும் வகுத்தலும் தமிழில் ஒரே வேர்.
இவர்களுக்கு அதை எந்த மொழியில் சொல்வது,
சொல்லித்தான் என்ன.
"அப்போ நாங்கள் என்ன செய்வது?" என்றாள் டெஸ்பினா.
பேனாவைத் திறக்கும் முன்
"இப்படி உனக்கு யார் காட்டித் தந்தது?" என்று
பிள்ளையிடம் கேளுங்கள் என்றேன்.
வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.
தேநீர் ஆறிப்போயிருந்தது.

ஸ்டேஷனில் லாக்லனைப் பார்த்தேன்.
கையேட்டின் பின்புறத்தை முழங்காலில் வைத்து
ஆறை வலப்பக்கம் போட்டு
வகுத்துக்கொண்டிருந்தான்.
மீதி நாலு என்று எழுதினான்.

என் கை பைக்குள் பேனாவைத் தேடிப் போனது,
பழக்கம்.
ரெயில் வந்தது.