அங்க அடையாளம்

மே பதினேழு. சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே
மரநிழலில் இன்னும் ஒரு சாண் பனி கிடக்கிறது.
ஹில்யா காங்காஸ் வீட்டுக் கொட்டகையில்
பனி வாரும் லாரி, முன்கத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத்
தூங்குகிறது.
அவள்தான் அதன் ஓட்டுநர், இருபத்தாறு குளிர்காலமாக.

மண்வெட்டியோடு நான் வருவேன் என்று
கடிதம் முன்பே சொல்லியிருந்தது.
காப்பி ஊற்றினாள். பேசவில்லை.

மேப்பிள்களுக்கு அடியில் காடு முழுக்க டிரில்லியம்.
இலை மூன்று, புல்லி மூன்று, இதழ் மூன்று;
வேறு கணக்குப் படிக்காத செடி.
விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏழு வருஷம் ஆகும்,
சில நேரம் பத்து.
வெள்ளையாய் வரும். போகிற நாளில்
கன்னம் சிவந்து போகும்.

இவளுடைய வேலி மூலையில் மட்டும்
இதழ் ஒவ்வொன்றிலும் பச்சை.
ஒன்றில் பொட்டு. ஒன்றில் நடுவே ஓடும் கீற்று.
ஒன்றில் பச்சையே பரவி,
வெள்ளை வெறும் கரையாக ஒதுங்கியிருந்தது.
கடைசிச் செடியில் இதழே இல்லை.
காம்பு நீண்ட மூன்று இலைகள்
பூவின் இடத்தில் நின்றுகொண்டு
எதற்காக வந்தோம் என்று மறந்தவை போல.

மார்க்கெட்டிலிருந்து ஒரு தோட்டக்காரர்
செடிக்கு இருநூறு டாலர் தருவதாகச் சொன்னாராம்.
அபூர்வ வகை என்றாராம்.
இவள் கொடுக்கவில்லை.

வகை இல்லை என்று சொல்லத்தான் நான் வந்தேன்.
சாறோடும் குழாய்க்குள் ஓர் உயிர்.
மிகச் சிறியது. பாக்டீரியாக்களுக்கு இருக்கும்
அந்தச் சுவர்கூட அதற்கு இல்லை;
நான்கு சுவர் இல்லாத எவரையும் போல
அடுத்தவர் வீட்டில் தங்கிவிட்டது.
அது தங்கிய செடி மெல்ல மெல்ல
பூவைத் திருப்பி இலையாக்குகிறது.
காய் பிடிக்காது. எறும்புக்குக் கொடுக்க விதை இருக்காது.
தத்துப்பூச்சி ஏதோ சுமந்துபோவதாகச் சந்தேகம்,
நிரூபணமில்லை.
எனவே தோண்ட வேண்டும். எனவே எரிக்க வேண்டும்.

"வலிக்குமா அதுக்கு?"

தெரியாது என்றேன்.

சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள்.
பத்தொன்பது வயதில் துறைமுகத்துக் கடையொன்றில்
குத்திக்கொண்ட பச்சை.
ஒரு பெயராக இருந்திருக்க வேண்டும்.
எழுத்துகள் கரை உடைந்து, ஒன்றில் ஒன்று கலந்து
பாசி படிந்த கல் போலிருந்தது தோல்.
"இது எந்தக் கணக்கில் வரும்?
என் ஓட்டுநர் உரிமத்தில்
அடையாளம்னு எழுதியிருக்கான்."

சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம்.

பதினோரு செடி. கிழங்கு விரல் அளவுதான்,
மண்ணை விட மனமில்லாமல் வந்தது ஒவ்வொன்றும்.
பையின் வாயை அவளே கட்டினாள்,
பனிச் சங்கிலிக்குப் போடுகிற முடிச்சு.
விறகடுக்குக்குப் பின்னால் பன்னிரண்டாவது ஒன்று
இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.
அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் செய்தித்தாளுக்குள் வைத்துக்
கொண்டுவந்தேன், எங்கள் உலர்செடி அறைக்கு.
இரும்பு அலமாரியில் அதே செடிக்கு
நூறு வருஷத்துக்கு முந்தைய தாள் ஒன்று உண்டு.
பறித்தவர் புது வகை என்று நம்பி
மகள் பெயரைச் சூட்டியிருக்கிறார்: லவினியா.
சாய்ந்த கையெழுத்து, பெருமிதத்தில் ஒரு மைத்துளி.
அதற்குக் கீழே, வேறு யாரோ, தட்டச்சில்: நோயுற்றது.
பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.
பக்கத்தில் ஒட்டலாம், அவ்வளவுதான்.

விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன்.
காய்ந்துவிட்டால் வெள்ளையும் பச்சையும்
ஒரே தேநீர்க் கறை.
பொட்டு எங்கே, கீற்று எங்கே, தெரியவில்லை.
இதழில் பச்சை உண்டு என்று
மை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.