பூஜ்யம் அல்ல

பீளமேட்டில் கரண்ட் போய் வந்தபின்
மறுபடி தேடுகிறேன்.

நோயில், நொய்யில், நொய்யல்.
லண்டன் பேரேட்டில் ஒன்று,
டோக்கியோவின் செயற்கைக்கோள் கோப்பில் இன்னொன்று,
ஜெர்மன் கிடங்கில் வெறும் எண்.
எல்லாம் ஒரே ஆறுதானுங்க என்று
ஒவ்வொன்றின் கீழும் எழுதிவைப்பது என் வேலை.

ஓஸ்லோவிலிருந்து இங்ரித் கேட்டிருந்தாள்:
தாராபுரத்தில் அங்குலக் கணக்கில் கொட்டியிருக்க
காங்கயத்தில் மட்டும்
அறுபத்தெட்டு ஐப்பசியில்
பதினொரு நாள் பூஜ்யமா?

பழைய பிரதி ஒன்று
வேறு நாட்டில், வேறு பெயரில் கிடைத்தது.
அதே பதினொரு நாள்: மைனஸ் 9999.
அளக்கவில்லை என்பதற்கு
இயந்திரம் வைத்திருக்கும் சொல்.
பார்க்கச் சுத்தமாக இருக்கட்டுமென்று
பின்னால் வந்த யாரோ
பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

பேரேட்டின் படத்தைப் பெரிதாக்கினேன்.
ஓரத்தில், பென்சிலில்:
'மானி பார்க்கும் ராக்கியண்ணனுக்கு அம்மை.'

பெய்திருக்கலாம்.
கருவி நிரம்பி வழிந்திருக்கலாம்.
போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

இங்ரித்துக்கு எழுதியாயிற்று,
அந்த நாட்களை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொல்லி.

காரணம் என்ற கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.
சர்வதேசச் சொற்பட்டியலில்
கருவிப் பழுது உண்டு, மின்தடை உண்டு, போர்கூட உண்டு.
அம்மை இல்லை.

சேர்த்துவிட்டேன்.