பனியடிமை

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி,
பனிமய மாதா திருநாளில் பிறந்தவனுக்குக்
குளச்சலில் வேறென்ன பெயர் வைப்பார்கள்?
முப்பத்தாறு வயதுவரை
இந்தப் பனியடிமை பார்த்த பனி
ஐஸ் பிளாண்டில் தகரப் பெட்டியைக் கவிழ்த்தால்
அமோனியா வாடையோடு சறுக்கிவரும்
ஐம்பது கிலோப் பாளம்தான்.

நார்வேயில் கப்பல் பழுதாகி
ஒன்பது நாள் கரை.
எஞ்சின் அறையில் எண்ணெய் துடைக்கிற என்னையும்
சமையல்காரன் ரோமெலையும்
ஏஜெண்ட் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டுபோய்
மலையிடுக்கில் இறக்கிவிட்டான்.
பனியாறு என்றான்.
ஆறு என்றால் ஓட வேண்டாமா?
அது கிடந்தது,
ஏலம் முடிந்த மீன்சந்தைத் தரைபோல
ஓரமெல்லாம் கறுத்து.
ஏமாந்துதான் போனேன்.

பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டினார்கள்.
வழிகாட்டிப் பெண் இங்கெர் சொன்னாள்:
பாதம் முழுதும் பதித்து வை.
விரலால் நடக்காதே. எல்லாப் பல்லும் கடிக்கட்டும்.
வள்ளத்தில் நின்று பழகிய காலுக்கு
அது பிடிபடவில்லை.
வள்ளத்தில் முழங்கால் இளக வேண்டும்,
கடல் தூக்கும்போது கூடவே எழ வேண்டும்.
அசையாத ஒன்றை நம்ப
எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

ஆறு பேர், இடுப்பில் ஒரே கயிறு.
கரமடி இழுக்கிற மாதிரித்தான்.
மறுமுனையில் வலையைக் காணோம்,
நாங்கள்தான் அகப்பட்டிருந்தோம்.

ஏற ஏற அழுக்கு தீர்ந்தது.
ஒரு வெடிப்பு.
கயிற்றை ஒருத்தன் பிடித்துக்கொள்ளக் குனிந்து பார்த்தேன்.
நீலம்.
எப்படிச் சொல்ல,
கணவாய்க்குப் போகும்போது
ஐம்பது பாகம் தாண்டினதும்
விடியுமுன் ஒரு நிமிஷம் தண்ணீருக்குள் வந்து போகுமே,
அதைப் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
அடியில் எங்கோ தண்ணீர்ச் சத்தம்.
அப்படியானால்
ஓடத்தான் செய்கிறது.

ரொட்டி தின்ன உட்கார்ந்தோம்.
தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டே இங்கெர் சொன்னாள்:
நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால்
மேலே ஒருவர் வெடிப்பில் விழுந்தார்.
போன கோடையில் கீழே, பனி உருகும் வாயில்
வெளியே வந்தார்.
சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழலவில்லை.
அடையாளம் காட்டப் போனாளாம் மனைவி.
அவளுக்கு எழுபது.
அவருக்கு அன்றைக்கும் இருபத்தெட்டு.

ரோமெல் சிலுவை போட்டுக்கொண்டான்.
நான் ரொட்டியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ததேயூஸ் அண்ணன்
ஒக்கிக்கு முந்தின நாள் போனான்.
ஐந்து நாள் தாங்கும் என்று
பாளம் உடைத்து நிரப்பியது என் கை.
ஒரு செருப்பைக்கூடத் தரவில்லை கடல்.
கல்யாணச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்துத்தான்
அடக்கம் செய்தோம்,
தூக்கினவர்களுக்குத் தோள் வலிக்கவில்லை.

அன்றிரவு மதினிக்குப் போன் போட்டேன்.
"பனி எப்பிடிடே இருக்கு?"
"நல்ல தணுப்பு" என்றேன்.
லைன் கட்டாகும்வரை
காலநிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது லீவில் ஊர்.
விடிகாலை மூன்று மணித் துறைமுகம்.
கிரஷர் இரைச்சலில்
அண்ணன் மகன் சஜின் படகுக்கு ஐஸ் இறக்குகிறார்கள்.
போனில் படத்தைக் காட்டினேன்.
"இதுல ஒரு மூலைய வெட்டிட்டு வந்திருக்கலாமே,
சீசன் முழுக்கப் போதும்" என்று சிரித்தான்.
அப்பனின் முன்பல் இடைவெளி அப்படியே.

நொறுங்கின ஐஸைப் பரப்பிவிட
வெறுங்காலோடு அறைக்குள் இறங்கினேன்.
பாதம் முழுதும் பதித்து
மெல்ல, ஒரு சுற்று.
"எத்தன பாளம்?"
"நாப்பது."
"இன்னும் பத்து போடு."
"மீன எங்க கொண்டு வைக்க? ஏறி வாரும் சித்தப்பா,
காலு மரத்துப்போவும்."

மரத்துத்தான் போயிருந்தது.
இன்னொரு சுற்று நடந்தேன்.