மூன்று வினாடி மிச்சம்

எல் ஆல்ட்டோவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
மூக்குத் தோலை உரித்துக் கையில் கொடுக்கும்.
சூடுதான் கிடையாது.
இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள்
கடலோரம் பிறந்தவர்கள்.

வியாழக்கிழமைச் சந்தையில்
பழைய செருப்புக்கும் பைப்புக்கும் நடுவே
கழுத்தொடிந்த தோட்ட விளக்குகள் ஆறு.
ஒவ்வொன்றின் தலையிலும்
உள்ளங்கை அகலத்தில் ஒரு சூரியத் தகடு.
பிறகு, முன்சக்கரம் போன பொம்மை லாரி.
பிறகு, செத்துப்போன ஒரு பொம்மைப் படகின்
ரிமோட்டும் ரிசீவரும்.
கடலில்லாத நாட்டுக்குப்
படகு எப்படி வந்ததென்று கேட்டோம்.
பேட்டரியில்தான் வந்தது என்றாள் கடைக்காரி.

லிம்பெர்ட் பேரம் பேசினான்.
டைனெத் மீட்டர் வைத்துப் பார்த்தாள்.
நான் காசெண்ணினேன்: முப்பத்தெட்டு பொலிவியானோ.
அதில் ஆறு என் தம்பியின் பஸ் காசு.
அன்று அவன் நடந்து வந்தான்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

டயர் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து
மூன்று தகடு ஒரு வரிசை,
மூன்று தகடு இன்னொரு வரிசை,
இரண்டையும் தோளோடு தோள் சேர்த்துப்
பற்றவைத்தோம்.
ஈயப்புகை பட்டுக் கண் எரிந்தது.
முதல் ஓட்டம்
ஒரு விரற்கடை.

விசையைத் தள்ளினால் மோட்டார் எழும்,
இருந்த மின்சாரத்தை ஒரே மடக்கில் குடிக்கும்.
தாகத்தில் ரிசீவர் மயங்கும்.
ரிசீவர் மயங்கினால் மோட்டார் நிற்கும்.
மோட்டார் நின்றதும் ரிசீவர் கண்விழித்து
‘என்ன சொன்னாய்?’ என்று
முதலிலிருந்து கேட்கும்.
உச்சி வெயிலில் நின்று
எங்கள் வண்டிக்கு விக்கல்.

உன் பற்றவைப்புதான் மோசம் என்றான் லிம்பெர்ட்.
இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் டைனெத்
மினிபஸ் ஒன்றின் செத்த கேமராவைப் பிளந்து
சுண்டுவிரல் நுனியளவில் இரண்டு கெப்பாசிட்டர் எடுத்தாள்.
தகடுக்கும் மோட்டாருக்கும் இடையில் வைத்தாள்.
வெயில் இருக்கும்போது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு
இல்லாதபோது கொடுக்கும், அவ்வளவுதான்.
மூன்று வினாடிக்கு.
பற்றவைத்தது நான்.
அதை யாரும் குறை சொல்லவில்லை.

கண்காட்சி அன்று ஆலங்கட்டி.
மைதானத்திலிருந்த மேசைகளையெல்லாம்
அரங்குக்குள் தூக்கிப் போட்டார்கள்.
டியூப் லைட்டை எங்கள் வண்டி
வெளிச்சம் என்றே மதிக்கவில்லை.
விசையை எப்படித் தள்ளியும்
தகரம் தகரமாகவே இருந்தது.

பதினோரு மணிக்கு மேகம் விலக,
கூரையில் ஒரே ஒரு ஃபைபர் தகடு வழியாக
பாயளவு வெயில் இறங்கியது,
நேராக எரிமலைக் குழுவின் மேசை மேல்.
கொஞ்சம் நகருங்கள் என்று கெஞ்சினோம்.
எரிமலை நகராது என்றார்கள்.
அப்புறம் நகர்ந்தது,
வினிகர் சிந்தியபடி.

நடுவர் வந்தார், கோட்டில் ஆலங்கட்டி ஈரம்.
பாய்க்குள் வண்டி வளைந்தது, பின்வாங்கியது,
லிம்பெர்ட்டின் பெருவிரல் சொன்னபடியெல்லாம் கேட்டது.
பிறகு ஓரத்தைத் தாண்டியது.
ஒன்று. இரண்டு. மூன்று.
நிழலில் நின்றுவிடுகிறதே என்று
தாளில் எழுதிக்கொண்டு போனார்.
முதல் பரிசு எரிமலைக்கு.

நாலு மணிக்கு மைதானம் காய்ந்திருந்தது.
வண்டியை விட்டோம், சும்மா.
தலைக்கு மேலே கேபிள் கார்
லா பாஸ் பள்ளத்துக்கு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு கேபினின் நிழலும்
சிமெண்டில் வழுக்கி வந்து
எங்கள் வண்டியை ஏறி மிதித்துக் கடந்தது.

நிழல் விழும்போது
மோட்டாரின் குரல் ஒரு சுருதி இறங்கும்.
நாங்கள் மூவரும் மூச்சைப் பிடிப்போம்.
வண்டி நிற்காது.
நிழல் போனதும் குரல் பழையபடி ஏறும்.

மேலே, காய்கறி மூட்டையை மடியில் வைத்தவர்களுக்கு,
தூங்கி விழுபவர்களுக்கு,
கீழே யாரைக் கடந்தோம் என்று தெரியாது.
அடுத்தது வருகிறது என்றாள் டைனெத்.
ரிமோட்டை லிம்பெர்ட்
என் கையில் கொடுத்தான்.